தாகூர் தலைப்பிடாத ஓவியங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இரவீந்திரநாத் தாகூரைப் பற்றி வெளியான கட்டுரை, அவருடைய ஓவியங்களை முதுமைக்காலப் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவருக்கு அந்த ஒரு வரி போதாது.

தாகூர் முறையாக ஓவியம் பயின்றவர் அல்லர். அவனீந்திரநாத், ககனேந்திரநாத் என்று குடும்பத்திலேயே பெயர்பெற்ற ஓவியர்கள் இருந்தார்கள்; 1919இல் அவரே சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனம் என்னும் கலைப்பள்ளியில் ஓவியர் நந்தலால் போஸ் கற்பித்தார். இருந்தும் தாகூரின் ஓவியம் இவர்களில் எவருடைய பாணியையும் சார்ந்து வளரவில்லை. கவிதைக் கையெழுத்துப் படிகளின் அடித்தல் திருத்தல்களிலிருந்தே வளர்ந்தது. 1924இல் 'பூரபி' தொகுப்பின் கவிதைகளை எழுதிய பக்கங்களைப் பார்த்தால் இது விளங்கும். வேண்டாமென்று அடித்த சொல்லின் மேல் மை தடித்துத் திட்டாகக் கிடக்கும். சற்றுக் கீழே இன்னொரு திட்டு. இரண்டையும் ஒரு வளைகோடு இணைக்க, அந்தக் கோடே கழுத்தாக நீண்டு, அலகு முளைத்து, எந்த ஊரிலும் பறக்காத ஒரு பறவை வரிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிடும். இன்னதுதான் வரையப் போகிறோம் என்ற முன்முடிவு அங்கே இல்லை. கை போன போக்கில் தோன்றிய உருவத்தைக் கண் பிறகு அடையாளம் கண்டு வளர்த்தெடுத்தது. இதை விளையாட்டு என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று அறிந்த விளையாட்டு அது.

அந்த ஆண்டின் இறுதியில் அர்ஜென்டினாவில் அவரை விருந்தினராக ஏற்ற எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ, இந்தக் கிறுக்கல்களைக் கண்டு வியந்தார். 1930 மே மாதம் பாரீசின் பிகால் கலைக்கூடத்தில் நடந்த தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சிக்கு உறுதுணையாக நின்றவரும் அவரே. இதற்குள் தாகூர் தனித் தாள்களில் வண்ண மைகளைக் கொண்டு வரையத் தொடங்கியிருந்தார். பேனாவோடு துணியும் விரலும்கூட அவருக்குக் கருவிகளாயின. எல்லாப் படங்களும் ஒரே தரத்தவை என்று நான் வாதிடமாட்டேன். சில அவசரமாக முடிக்கப்பட்டவையாகவே தெரிகின்றன. ஆனால் முகத்தைச் சாய்த்து, இருண்ட பின்னணியிலிருந்து நம்மை நோக்கும் அந்தப் பெண் உருவங்களைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையோடு அச்சிட்ட அத்தகைய படமொன்றுக்குக் கீழே 'சோகத்தில் ஆழ்ந்த மங்கை' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தாகூர் தம் ஓவியங்களுக்குப் பெரும்பாலும் பெயர் சூட்டியதில்லை. இனி அவருடைய படங்களை வெளியிடும்போது தலைப்பு இல்லாமலே வெளியிடுமாறும், இடமிருந்தால் 'பூரபி' கையெழுத்துப் படியின் ஒரு பக்கத்தையும் சேர்த்து அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.