அணை நீர்மட்டப் பெட்டியை வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது உள்பக்கத்தில் சின்னதாக வரும் அணை நீர்மட்டப் பெட்டிச் செய்தியைத்தான். பொதுப்பணித் துறையில் பணி ஆய்வாளராக வைகைக் கரையிலேயே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து, வெளியேற்றம், இருப்பு. மொத்தமே நாலைந்து வரி. அந்த வரிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் வந்தால் ஓவியப் போட்டி, வாசகப் போட்டி, உறுதிமொழி, பேரணி எல்லாம் நடக்கின்றன. நீங்களும் படம் போடுகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வரைவது ஒரே படத்தைத்தான். கடல், மேலே போகும் அம்புக்குறி, மேகம், மலை, மழை, திரும்பவும் கடலுக்கு ஓடும் ஆறு. ஏழாவது படிக்கும் என் பேத்தியும் அதையே வரைந்து பரிசு வாங்கினாள். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "டேங்க்ல இருந்து தாத்தா" என்கிறாள். டேங்குக்கு எங்கிருந்து என்றால் விழிக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அவளுக்கு யாரும் காட்டவில்லை.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் அந்தப் படத்துக்குள் அடங்கவே அடங்காது. பெரியாறு, மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர வேண்டிய ஆறு. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்ட பிறகு, அதன் தண்ணீரில் ஒரு பங்கு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்புகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து விட்டால் மதுரை தாண்டி விரகனூர் மதகணை (ஆற்றுக்குக் குறுக்கே மதகு வைத்துக் கட்டிய தடுப்பணை), அப்புறம் பார்த்திபனூர் மதகணை. இரண்டிலும் இரு பக்கமும் கால்வாய் பிரிந்து கண்மாய்களுக்கு, அதாவது ஏரிகளுக்குப் போகிறது. கடைசியில் ஆறு போய் நிற்கும் இடம் ராமநாதபுரம் பெரிய கண்மாய். வெள்ளக் காலத்தில் மிஞ்சியது மட்டும்தான் கடலைப் பார்க்கும். மேற்கு மலையில் பெய்த மழை மானாமதுரைப் பிள்ளையின் சோற்றுக்கு எப்படி வந்தது என்பதை ஒரு வாரம் உட்கார்ந்து வரையலாம். பூகோளம், வரலாறு, அறிவியல் மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

இனி பெட்டிச் செய்திக்கு வருகிறேன். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அணையில் 35 அடி தண்ணீர் இருக்கிறது என்று போட்டால், படித்தவர்களே "பாதி இருக்கு" என்கிறார்கள். அப்படிக் கணக்கில்லை. அணை என்பது அடி குறுகி வாய் அகன்ற சட்டி. 20-லிருந்து 21 அடிக்கு ஏற வேண்டிய தண்ணீரும் 70-லிருந்து 71 அடிக்கு ஏற வேண்டிய தண்ணீரும் ஒன்றல்ல. மேலே போகப்போக ஒவ்வோர் அடிக்கும் பல மடங்கு பிடிக்கும். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது என்று எதற்காகப் படிப்படியாகக் கொடுக்கிறார்கள், கரையோரத்து ஆட்கள் அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கரையோரத்துப் பிள்ளைகளே தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

கன அடி என்பதும் அப்படித்தான். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். குடிநீருக்கு வினாடிக்கு 70 கன அடி விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? பெருக்கிப் பார்த்தால் 17 கோடி லிட்டர் சொச்சம் வரும். தலைக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் வைத்தால் எத்தனை பேருக்குக் காணும், வழியில் மணல் எவ்வளவு குடிக்கும், வெயில் எவ்வளவு எடுக்கும் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ள எந்தக் கணக்கையும்விட இதில் உயிர் இருக்கிறது.

இதை வெயிலில் நின்று செய்தும் பார்க்கலாம். தெரிந்த ஆசிரியை ஒருவர் கேட்டுக்கொண்டதால், அவர் வகுப்புப் பிள்ளைகளை வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) ஓரம் கூட்டிப்போனேன். நேராக ஓடும் இடமாகப் பார்த்து, கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டோம். மேல் குச்சிக்கு நேராக ஆரஞ்சுத் தோலைப் போட்டோம். கீழ்க் குச்சியைத் தொட 20 வினாடி. அகலம் ஒரு மீட்டர், ஆழம் 30 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 150 லிட்டர். ஒரு பையன் உடனே, "அடியில புல்லு இருக்கே, அங்க மெதுவாத்தானே போகும்?" என்றான். அதேதான். மேல்மட்டத்து வேகத்தில் நூற்றுக்கு 85 பங்குதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் நாலரை கன அடி. நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு இது சொல்லித்தான் தெரிந்தது. அவன் பார்த்தே சொல்லிவிட்டான்.

பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் கூட்டிப்போக ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். ஆழம் முழங்கால்கூட இல்லாத வாய்க்காலுக்கே, நாலு பெற்றோரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் போனோம். கண்மாய்க்கு என் யோசனை வேறு. தண்ணீர் இல்லாத நாளில் கூட்டிப்போங்கள். எங்கள் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் கண்மாய் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய அந்த நாளில்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வரத்துக்கால் எங்கே நுழைகிறது, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எந்த மட்டத்தில் இருக்கிறது, மிகைநீர் வழியும் கலுங்கு கரையைவிட எவ்வளவு தாழ்வு, அப்படி வழிந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு எந்த ஓடை வழியாகப் போகும் என்று நடந்தே காட்டலாம். மடைக்குக் கீழே உள்ள தண்ணீர் வயலுக்குப் பாயாது. அது ஆடுமாட்டுக்கும் மீனுக்கும். கலுங்கை உயர்த்திக் கட்டினால் நிறையத் தண்ணீர் நிற்குமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிற்கும், உள்வாய்ப் பக்கத்துக்காரன் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் மேல்பக்கத்துக்காரன்) வயல் முழுகும். அந்தச் சண்டையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம், தப்பில்லை.

காய்ந்த கண்மாயில் காட்ட வேண்டியது இன்னொன்றும் உண்டு. மண் அள்ளிய குழிகள். அந்தக் காலத்தில் வண்டல் வெட்டினால் மண்வெட்டி, மாட்டுவண்டி. தரை மேலோட்டமாகத்தான் பள்ளமாகும். இன்று இயந்திரம் ஒரே இடத்தில் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிட்டுப் போகிறது. மழை வந்து தண்ணீர் மூடிவிட்டால் மேலே எல்லாம் ஒன்றாகத் தெரியும். இடுப்பளவுதானே என்று நடக்கும் பிள்ளை அடுத்த எட்டில் காணாமல் போகிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தச் செய்தியையும் நீங்கள் போடத்தான் செய்கிறீர்கள். குழி எங்கே இருக்கிறது என்று செப்டம்பரில் காலால் நடந்து பார்த்த பிள்ளைக்கு டிசம்பரில் நினைவிருக்கும். "ஆழமான பகுதி, குளிக்காதீர்" என்று நட்ட பலகையை எந்தப் பிள்ளை படிக்கிறது?

வீட்டுத் தண்ணீருக்கு வருவோம். மூன்று பாட்டிலில் போர்த் தண்ணீர், ஊரணித் தண்ணீர், பிடித்த மழைத்தண்ணீர் என்று சம அளவு எடுத்து, ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினால் போதும். மழைத்தண்ணீரில் நுரை பொங்கும். எங்கள் போர்த் தண்ணீரில் வெள்ளையாகத் திரிந்து நிற்கும். கால்சியம், மெக்னீசியம் உப்பு என்று அப்போது சொன்னால் மண்டையில் ஏறும். சோற்றுப் பானையில் படியும் வெள்ளை ஏடும் அதே சங்கதிதான் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர் காட்டும் வித்தையையும் பள்ளியிலேயே காட்டிவிட வேண்டும் என்பேன். எங்கள் தெருவுக்கும் வந்தார். இரண்டு தம்ளர், ஒன்றில் எங்கள் தண்ணீர், மற்றதில் அவருடைய தண்ணீர். கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் செம்பழுப்பாகிப் பீ நிறத்துக்கு வந்துவிட்டது (மன்னிக்கவும், அதுதான் நிறம்). பெண்கள் அரண்டுவிட்டார்கள். அந்தக் கசடு கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும், கம்பி கரையும். உப்பை எடுத்துவிட்ட தண்ணீரில் ஓடாது, தெளிவாகவே இருக்கும். நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்தாலும் அதே நிறம் வரும். டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. மின்பகுப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? ஆசிரியர் பேட்டரியில் செய்து காட்டினால் தெருத் தெருவாக ஆட்கள் ஏமாறுவது குறையும்.

கடைசியாக மழை. மழைமானி வாங்கப் பணம் வேண்டாம். நேராக உள்ள பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனல் மாதிரி வைத்து, அடிப்பகுதி மேடுபள்ளம் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் குறித்து, ஸ்கேலை ஒட்டினால் முடிந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து கரும்பலகை ஓரத்தில் எழுதட்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பள்ளி மாடி 200 சதுர மீட்டர் என்றால் 30 மி.மீ. மழைக்கு 6,000 லிட்டர். அது எங்கே போயிற்று என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கட்டும். 2003-இல் கட்டாயமாக்கி வைத்த மழைநீர்க் குழாய்கள் பல இடத்தில் பாதியில் உடைந்து சாக்கடையில் முடிவதைப் பிள்ளைகளே தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

உங்களிடம் கேட்பது இதுதான். மாணவர் பக்கம் வரும் நாளில் நீர்மட்டப் பெட்டியை அங்கேயும் பெரிதாகப் போடுங்கள். பக்கத்திலேயே கன அடி, டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்றால் என்ன என்று இரண்டு வரி. அதன் கீழே அந்த வார எண்களை வைத்து ஒரே ஒரு கணக்கு. விடை அடுத்த வாரம். பெரியாறு அணைக்கு 142 அடி என்று போடும்போது, அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152, உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்தது 142 என்ற குறிப்பும் இருக்கட்டும். மழை அளவில் மாவட்டத் தலைநகரோடு நிறுத்திவிடாமல் வட்டத் தலைநகரங்களையும் சேர்த்துப் போட்டால், பிள்ளைகள் தங்கள் பாட்டில் கணக்கோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுத் தர ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வாராவாரம் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர்,
மானாமதுரை வட்டம், சிவகங்கை மாவட்டம்.