லாரி ஒயரிங்: 'மின்கசிவு' என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையில் லாரி எரிந்த செய்தி வந்தால், கடைசி வரி பெரும்பாலும் 'மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது' என்று முடிகிறது. ஒயரிங் வேலை தெரிந்தவருக்கு அந்த வரி எதையும் சொல்வதில்லை. கரண்ட் என்ன, குழாய்த் தண்ணீரா ஒழுகுவதற்கு? பழைய வண்டியில் மின்சாரத்தால் தீப்பிடிக்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, பிடி தளர்ந்து சூடாகும் கப்ளர், அதாவது ஒயர்களை ஒன்றோடொன்று செருகிச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு. மற்றொன்று, ஃபியூஸ் லிங்க் (கரண்ட் மிஞ்சினால் தானே உருகி அறும் காவல் ஒயர்) உருகிப்போன இடத்தில் யாரோ அவசரத்துக்கு முறுக்கிவிட்டுப் போன சாதா ஒயர்.

ஃபியூஸ் லிங்க் பார்வைக்கு வெறும் ஒயர்தான். பேட்டரி பாசிட்டிவிலிருந்தோ செல்ஃப் மோட்டாரின் (ஸ்டார்ட்டர்) மெயின் போல்ட்டிலிருந்தோ கேபினுக்குப் போகும் ஒயரின் தலைப்பில் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும். பின்னாளில் வந்த வண்டிகளில் இதே வேலையை ஃபியூஸ் பெட்டிக்குள் திருகிய தகடு ஃபியூஸ் பார்க்கிறது. லிங்க்கில் செம்பு குறைவு, மேலுறை தடிமன். அதனால் பக்கத்து ஒயரும் இதுவும் ஒரே பருமன் போலத் தெரிந்து ஆளை ஏமாற்றும். எங்காவது ஷார்ட் ஆனால் உள்ளே செம்பு உருகி அறும். மேலுறை எளிதில் எரியாத வகை என்பதால் கொப்பளித்து நின்றுவிடும். அந்த இடத்தில் சாதா ஒயரை வைத்தால் அறுவதற்குப் பதில் முழு நீளமும் பழுக்கும், கூட ஓடும் பத்துப் பதினைந்து ஒயரையும் சேர்த்துக் கொளுத்தும்.

லிங்க் போய்விட்டதா என்று பார்க்க இரு முனையையும் பிடித்து லேசாக இழுங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை. வோல்ட் பார்க்கும் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 24 வோல்ட்டைக் காட்டிவிடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு லிங்க்கின் இரு முனைக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் லிங்க்கோ அதன் முனையில் உள்ள ஜாயிண்டோ கெட்டிருக்கிறது.

புதியது போடும்போது கணக்கு இதுதான்: காக்க வேண்டிய ஒயரின் செம்புப் பருமனில் ஐந்தில் இரண்டு பங்கு. 5 சதுர மி.மீ. ஒயருக்கு 2, 3-க்கு 1.25, 2-க்கு 0.85. நீளம் பழையதை அளந்து அதே அளவு. 22 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கடையில் ஃபியூஸ் லிங்க் ஒயர் என்றே கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால், 32 வோல்ட் என்று பொறித்த, போல்ட்டில் பூட்டும் தகடு ஃபியூஸை மூடியுள்ள ஹோல்டரில் வைக்கலாம். கேபினுக்குப் போகும் 5 சதுர மி.மீ. ஒயருக்கு 40 ஆம்பியர் போதும். வீட்டு ஒயர் எந்த நிலையிலும் ஆகாது. அதன் பிளாஸ்டிக் சாதாரணமாக 70 டிகிரிக்கு மட்டுமே தாங்கும், இன்ஜின் பக்கத்தில் 105 டிகிரி தாங்கும் வண்டி ஒயர் வேண்டும்.

லிங்க் தானாகப் போவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் சாவி திருப்பியதும் அதுவும் போகும். டைனமோவின் (எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், உண்மையில் அது ஆல்டர்னேட்டர்) தடித்த ஒயர் பிராக்கெட்டில் உராய்ந்திருக்கிறதா, சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) ஓட்டை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாட்டும்போதோ ஜம்ப் கொடுக்கும்போதோ (வேறு பேட்டரியைச் சேர்த்து ஸ்டார்ட் செய்யும்போதோ) பிளஸ், மைனஸ் மாறிப்போனாலும் டைனமோவின் டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வழியாகக் கரண்ட் பாய்ந்து லிங்க் உருகும். அப்படி நடந்திருந்தால் டயோடையும் சோதிக்க வேண்டும்.

இனி கப்ளர். கப்ளருக்குள் ஒவ்வொரு ஒயரின் முனையிலும் இருக்கும் உலோகத் தகடுதான் பின். 10 ஆம்பியர் ஓடும் பின்னில் 0.1 ஓம் தடை ஏறிவிட்டால் அங்கே 10 வாட் சூடு பிறக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு தகடு அதைத் தாங்காது. முதலில் பின் கறுக்கும், பிறகு கப்ளரின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு இளகும். 12 வோல்ட் பிக்கப்பில் 60/55 வாட் ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுபவர்கள் இதைத் தாங்களே வரவழைக்கிறார்கள். பல்புக்கு 5 ஆம்பியர் ஓடிய இடத்தில் 8-க்கு மேல் ஓடும். பின்னில் பிறக்கும் சூடு ஏறக்குறைய மூன்று மடங்காகும். ரிலே (பேட்டரி கரண்ட்டைத் தனி ஒயரில் நேரே பல்புக்கு விடும் சாதனம்) வைக்காமல் அந்தப் பல்பைப் போடுவதும் கப்ளருக்கு நெருப்பு வைப்பதும் ஒன்றுதான்.

வேலைக்கு முன் பேட்டரியின் எர்த் கேபிளை (மைனஸிலிருந்து சேஸிஸுக்குப் போவது) கழற்றுங்கள். கப்ளரைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஒயருக்கும் பேப்பர் டேப்பில் எண் எழுதுங்கள். பின்னைக் கழற்ற ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் ஒயரைச் சற்று முன்னே தள்ளி, கப்ளரின் வாய்ப் பக்கம் வாட்ச் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, பின்னின் முதுகில் உள்ள சிறு நாக்கை அழுத்தினால் அது தானாகப் பின்னால் வரும். மறுபடி போடும் முன் அந்த நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்திவிட வேண்டும். மறந்தால் கப்ளரைச் சேர்க்கும்போது பின் பின்பக்கமாக நழுவிவிடும், வெளியே பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும்.

பச்சை பூத்த செம்பைச் சுரண்டிப் பயனில்லை. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, அதே பருமன் ஒயரை இணையுங்கள். பின்னுக்கு 5 மி.மீ. அளவு உறை சீவினால் போதும். பின்னில் ஒயரைக் கவ்வ மடக்கும் மடல்களைக் காது என்போம். முன்ஜோடிக் காதுகள் செம்பை மட்டும், பின்ஜோடிக் காதுகள் உறையை மட்டும் கவ்வ வேண்டும். கட்டிங் பிளையரால் நசுக்குவதுதான் ஊர் வழக்கம். அதில் காது ஒரு பக்கம் மடங்கி, இழைகள் பாதி வெளியே நிற்கும். ராட்செட் வகை (முழுதாக அழுத்தும் வரை பிடியை விடாத) கிரிம்பிங் பிளையர் ஒன்று வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் வரும். ஈயம் வைத்தால் இன்னும் பலம் என்ற நம்பிக்கையும் தப்பு. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பி போல விறைப்பாக்கும், அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும்.

பெண் பின்னை (எதிர்த் தகடு உள்ளே நுழையும் பின்) சோதிக்க எளிய வழி உண்டு. அதே அளவு ஆண் தகடு ஒன்றைச் செருகித் தலைகீழாகப் பிடியுங்கள். கழன்று விழுந்தால் பின்னை மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேலே உள்ள வெள்ளீயப் பூச்சுதான் போகும். நடுவே போடும் ஜாயிண்டுகள் ஒரே இடத்தில் குண்டாகச் சேராமல் 4 செ.மீ. தள்ளித் தள்ளி வரட்டும். ஜாயிண்டின் மேல், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிக் கவ்வும் குழாய்) போடுங்கள். கறுப்பு டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகி, ஆறு மாதத்தில் ஜாயிண்டைத் திறந்துவிடும்.

8 ஆண்டு தாண்டிய லாரி ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போக வேண்டும். அதற்காகப் பட்டறையில் நிற்கும் நாட்களே இந்த வேலைக்குத் தோது. ஆனால் அப்போதுதான் கெடுதலும் நடக்கிறது. சேஸிஸுக்கு பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் மேலேயே எர்த் திம்பிளை (ஒயர் முனையில் போல்ட் நுழையும் வளையம்) பூட்டுகிறார்கள். பெயிண்டில் கரண்ட் போகாது. லைட் மங்குகிறது, கரண்ட் வேறு மெல்லிய ஒயர் வழியே திரும்பி அதைச் சூடாக்குகிறது. திம்பிள் உட்காரும் இடத்தை இரும்பு தெரியத் தேய்த்து, பூட்டிய பிறகு மேலே கிரீஸ் தடவ வேண்டும். பெயிண்ட் ஸ்ப்ரே, வாட்டர் சர்வீஸ் இரண்டுக்கும் முன் கழற்றி வைத்த கப்ளர்களின் வாயைப் பாலித்தீன் கட்டி மூட வேண்டும்.

எல்லாம் முடிந்து பேட்டரி எர்த்தை நேரே மாட்டாதீர்கள். சாவியும் எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க, பேட்டரி மைனஸுக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற 21 வாட் பல்பு ஒன்றை வையுங்கள். எரியாமலிருந்தாலோ லேசாகச் சிவந்தாலோ மாட்டலாம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இன்னும் இருக்கிறது. கேபிளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ எலெக்ட்ரிக் தொழில் செய்யும் வாசகர்கள்,
சங்ககிரி.