கூடிக் கலைந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் சுற்றுச்சூழல் கட்டுரையில், ‘விஞ்ஞானிகளின் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை கூடி, பொன்னாடை போர்த்தி, விருந்துண்டு கலைகின்றன’ என்றிருந்தது. அதே கட்டுரை பத்திக்குப் பத்தி எடுத்தாளும் ‘எகோசிஸ்டம்’ (உயிர்களும் அவற்றின் சூழலும் சேர்ந்த அமைப்பு) என்ற சொல், 1935இல் அமெரிக்கச் சூழலியல் சங்கத்தின் இதழில் பிரிட்டிஷ் தாவரவியலாளர் டான்ஸ்லி எழுதிய கட்டுரையில் பிறந்தது என்பதும், 1913இல் தொடங்கிய பிரிட்டிஷ் சூழலியல் சங்கத்தின் முதல் தலைவர் அவரே என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. கலைந்து போனவர்கள் விட்டுச் சென்ற சொல் மட்டும் கட்டுரையாளருக்கு வேண்டியிருக்கிறது.

சங்கங்களில் குறையே இல்லை என்று வாதிட வரவில்லை. காடுகளைக் காக்கக் களமிறங்குவது சங்கத்தின் வேலையா என்ற பூசலில்தான், 1946இல் விலங்குச் சூழலியலாளர் ஷெல்ஃபோர்டும் அவரைச் சார்ந்தோரும் அதே அமெரிக்கச் சங்கத்திலிருந்து பிரிந்து தனி அமைப்புக் கண்டனர். அதை எழுதியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

தேன்கனிக்கோட்டையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தபோது, அஞ்செட்டி ஏரிக்கரையில் பறித்த புல் ஒன்றைத் தங்கள் நாளிதழின் தாளிலேயே வைத்து உலர்த்தி, நானே ஒரு பெயரும் சூட்டி, சங்கம் ஒன்றுக்கு அனுப்பினேன். முகமறியாத உறுப்பினர் ஒருவர், இலை தண்டைத் தழுவுமிடத்து மயிர்களை லென்ஸ் வைத்துப் பார்க்கும்படி இரண்டு பக்கம் எழுதி, என் பிழையைத் திருத்தினார். அவர் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஜவளகிரிப் பக்கம் யானைகள் இறங்கினால் ‘அட்டகாசம்’ என்று தலைப்பிடும் தாங்கள், அது கேழ்வரகு கதிர் முற்றும் பருவம் என்பதை ஒரு வரியாவது எழுதியதுண்டா? கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வரும்போதெல்லாம் வண்ணப்படம் மட்டும் தவறுவதில்லை. இவற்றை நிதானமாக விளக்கத்தான், பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் பதினொரு பேர் மாதந்தோறும் கூடுகிறோம். அந்த அறிவிப்பை மூன்று முறை தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தும் இடமில்லை என்றார்கள். அதே வாரம் நகைக்கடையின் ஆண்டுவிழாவுக்கு அரைப்பக்கம் கிடைத்தது.

நான்காம் முறையாக இத்துடன் இணைத்துள்ளேன். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் மூன்று வரி போதும். கட்டுரையாளரும் வரலாம், விருந்து கிடையாது, சுண்டல் உண்டு.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்