குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் நகர்வாசிகளே, வணக்கம். 84 வீடுகள் உள்ள நம் நகரில் இப்போது 23 நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றன. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாததால் விதிப்படி அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதன் பிறகு கூட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம். வராதவர்களுக்கும் சேர்த்தே இதை வாசிக்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. கொசு மருந்துப் புகை நான்கு முறை அடிக்கப்பட்டது. மழைக்கு முன் இரண்டு தெருக்களில் வடிகால் தூர் வாரப்பட்டது, மூன்றாவது தெரு பாக்கி. சுதந்திர தினம், குடியரசு தினம் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் விழாவுக்கு 160 பேர் வந்தார்கள். சாப்பாடு இருந்தது.

இனி, போரில் உயிர் நீத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப் பூங்காவில் கட்டிய மேடையைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஆண்டு முழுக்க என்னைக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "பூங்காவில் அந்த மேடை எதற்கு? சங்கத்துக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்கில் வெற்றி தினம் ஜூலை 26, பாகிஸ்தானுடன் நடந்த 1971 போரின் வெற்றி தினம் டிசம்பர் 16. இந்த இரண்டு நாளும் கொடியேற்றி அஞ்சலி செலுத்துவது என்று போன ஆண்டுப் பொதுக்குழு கைதூக்கி முடிவு செய்தது. மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. மெரினா தொடக்கத்தில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் ராணுவ அதிகாரிகள் மலர்வளையம் வைக்கிறார்கள், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது, நமக்கு அது போதாதா என்றும் ஒருவர் கேட்டார். முதல் உலகப் போரின் வெற்றிக்காக எழுப்பிய சின்னம் அது. பிற்பாடு வந்த போர்களும் அதில் சேர்ந்தன. ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு வார் மெமோரியல் என்றால் பஸ் ஸ்டாப்தான். முப்பது வருடம் அந்த வழியாக வேலைக்குப் போன நானே ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. மேடை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜூலை 26 சனிக்கிழமை. 19 பேர் வந்தார்கள். ஃபிளெக்ஸில் ஒரு தவறு நடந்துவிட்டது. நான்காவது தெருவில் இருக்கும் ஹவில்தார் ஐயா, மதராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "சார், இவங்க நம்ம ஆளுங்க இல்ல" என்றார். படத்தில் நின்றவர்கள் வேறு ஏதோ நாட்டுச் சீருடையில் இருந்தார்கள். ஃபிளெக்ஸ் போட்டவரைக் குறை சொல்ல முடியாது, படத்தை அனுப்பியது நான்தான். உடனே கழற்றிவிட்டோம். அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்ட உறுப்பினர், வீட்டு மாடியில் நின்று எடுத்தாரே தவிர கீழே இறங்கி வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 16 செவ்வாய்க்கிழமை, மார்கழி முதல் நாள். காலை ஏழு மணி என்று நான் வைத்தது பிசகுதான். கோயிலில் திருப்பாவையும் வெண்பொங்கலும், பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. வந்தவர்கள் 11 பேர், அதில் செயற்குழுவே ஐந்து. பள்ளி வேனுக்காக நின்ற நான்கு பையன்களையும் கூப்பிட்டுக்கொண்டேன். 13 நாளில் முடிந்த போர், டாக்காவில் சுமார் 93,000 பேர் சரண் என்று எழுதி வைத்திருந்த உரையை வாசித்தேன். பையன்களில் ஒருவன் ஹவில்தார் ஐயாவிடம் ரெஜிமென்டின் போர்க்குரலைக் கேட்டான். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்றார். சிரித்தார்கள். இன்னொரு முறை அடிவயிற்றிலிருந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, எதிர் வீட்டு நாய் குரைத்தது.

அப்புறம் அவர் என்னிடம், "சரணடைஞ்ச கணக்கு எல்லாருக்கும் தெரியும் சார். நம்ம பக்கம் போனவங்க கணக்கையும் சொல்லுங்க" என்றார். சரிதான். அந்தப் போரில் டிசம்பர் 9 இரவு நம் கடற்படையின் குக்ரி கப்பலோடு மட்டும் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மூழ்கினார்கள். உரையை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

மேடையில் பதிக்கும் கல்லில் யார் பெயரைப் போடுவது என்பதில் செயற்குழு மூன்று கூட்டங்களைச் செலவிட்டது. கார்கில் போரில், படாலிக்கில் 1999 மே 29 அன்று உயிர் நீத்த திருச்சி மேஜர் சரவணன் பெயருக்கு ஆட்சேபம் இல்லை. மேஜர் பரமேஸ்வரன் பெயரை நான் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. பரம்வீர் சக்ரா பெற்றவர், சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விஹார் இருப்பதே அவர் நினைவாகத்தான். ஆனால் அவர் இறந்தது 1987இல், இந்திய அமைதிப்படையோடு போன இலங்கையில். "அந்தப் போருக்கு வெற்றி தினம் எது சார்?" என்றார் ஓர் உறுப்பினர். அவருடைய அக்கா வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கேட்டதில் தப்பில்லை, என்னிடம் பதிலும் இல்லை. கடைசியில் பெயர் எதுவும் வேண்டாம், "போரில் உயிர் நீத்த வீரர்களுக்கு" என்று ஒரே வரி போதும் என்று முடிவானது. எனக்கு இது முழுத் திருப்தி இல்லை.

பிப்ரவரியில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வேன் வைத்தோம். 856 கல்லறைகள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. கல்லில் வயதைப் படித்துக்கொண்டே நடந்தோம். நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளின் வயது. பெயர் கொடுத்தவர்கள் 22, வந்தவர்கள் ஒன்பது. வேன் வாடகை ஒன்பது பேருக்கும் 22 பேருக்கும் ஒன்றுதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவுக்குள் செலவு அடங்கியது, சற்று இழுபறியோடு. மேடைக்குச் சங்க நிதியிலிருந்து போனது 18,000 ரூபாய் மட்டுமே. மீதி நன்கொடை. நன்கொடையில் விழுந்த துண்டை யார் போட்டார் என்பதை இங்கே பேச விரும்பவில்லை, என் வீட்டில் போதுமான அளவு பேசியாகிவிட்டது. மாதச் சந்தா 200 ரூபாய். 31 வீடுகள் பாக்கி, அதில் ஏழு வீடுகள் இரண்டு வருடமாக. "சந்தா பணத்தை விரயம் செய்கிறார்" என்று குழுவில் எழுதிய மூவருமே அந்த 31க்குள் வருகிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், நாற்காலி தந்து உதவிய இஸ்திரிக் கடைக்காரருக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும், விடுபட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. யாராவது முன்வந்தால் மினிட்ஸ் புத்தகம், ரசீதுப் புத்தகம், கொடிக்கம்பச் சாவி மூன்றையும் இன்றே தந்துவிடுவேன். கல் மட்டும் எழுத்து வெட்டி முடிந்து பட்டறையிலேயே கிடக்கிறது. பாக்கி 6,500 ரூபாய் கட்டினால்தான் எடுத்து வர முடியும், மூன்று வீட்டு ஒரு வருடச் சந்தா வந்தாலே போதும். வரும் ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. ஆடி ஞாயிறு என்பதால் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், விசாரித்துவிட்டேன், பத்து மணிக்குத்தான். நாம் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம்.

செயலாளர்