உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்

ஓய்வூதியம் வழங்கும் வங்கிகளின் கிளை மேலாளர்களுக்கும் மண்டல அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நவம்பர் மாதத்தில் உங்கள் கிளைகளில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறையும் தெரியும். அதனால்தான் போன நவம்பரில் நடந்ததை உடனே எழுதாமல் பொறுத்திருந்தேன். டிசம்பர் பென்ஷன் வராமல் போன பிறகு பொறுக்க முடியவில்லை.

அப்பாவுக்கு 79 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். ஐந்து ஆண்டுகளாக அல்சைமர். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டை வீட்டிலிருந்தே கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றோம். அரமும் இரும்பும் பிடித்துத் தேய்ந்த விரல்கள், ரேகை விழவில்லை. முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். அந்தச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. “கண்ணை மூடித் திறங்கப்பா” என்று நான் சொல்வதும், அவர் என்னையே பார்த்துச் சிரிப்பதுமாக ஒரு பகல் போயிற்று. நான் சொல்வது அவர் காதில் விழுகிறது. அதைச் செய்யத்தான் தெரியவில்லை. சரி, நேரிலேயே போய்விடலாம் என்று ஆட்டோ பிடித்தோம்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டோக்கன் இயந்திரம் மணியடிக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து நின்றார். பணிமனைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவருக்கு நினைப்பு. கழிவறை கேட்டேன். ஊழியர்களுக்கு மட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன், அப்பாவின் மானம் அது. வேட்டியின் மேல் என் துப்பட்டாவைச் சுற்றி அவரைக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“பெரியவரே, உங்க பேரு என்ன?”

சரியாகச் சொன்னார்.

“கூட வந்திருக்கிறது யாரு?”

என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்க அக்கா” என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி படிவத்தைத் திருப்பித் தள்ளினார். “சுயநினைவு இல்லாதவருக்கு நாங்க எப்படிம்மா குடுக்கிறது? கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க.”

அப்பா சொன்னதை அந்த அதிகாரி உளறலாக எடுத்துக்கொண்டார். நான் அப்படி நினைக்கவில்லை. மூளையில் புதிதாகப் பார்ப்பதையும் கேட்பதையும் நினைவாகப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத்தான் இந்த நோய் ஆரம்பத்திலேயே அரிக்கிறது. அதனால் நேற்று நடந்தது போய்விடும், ஐம்பது வருடத்துக்கு முன் நடந்தது நிற்கும். அப்பா மனதில் அவர் மகள் இன்னும் ரிப்பன் கட்டிய சிறுமி. அதே முக ஜாடையோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றால், அவர் தன் அக்கா என்றுதானே நினைப்பார்? என் அத்தைதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். தன்னைப் பத்திரமாகக் கூட்டிவந்தவளுக்கு அவர் மனதிலிருந்த மிகப் பிரியமான பெயரைக் கொடுத்தார். அதற்குத்தான் அந்தப் படிவம் திரும்பி வந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சான்று அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு. நினைவோடு இருக்கிறாரா என்பதற்கு அல்ல. ஞாபகசக்தித் தேர்வு வைக்காதீர்கள். ஒருவரை வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்.

இது சலுகை அல்ல. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத ஓய்வூதியருக்கு இரண்டு சாட்சிகளோடு கைநாட்டு வாங்கிப் பணம் தரவும் வழி சொல்லியிருக்கிறது. நான் கவுண்டரில் இதைச் சொன்னபோது, “அதெல்லாம் எங்களுக்கு வரலைம்மா” என்று பதில் வந்தது.

கார்டியன் ஆர்டர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். அப்பா தெளிவாக இருந்தபோதே எனக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தவர் மனநலம் தவறினால் அந்த அதிகாரமே முடிந்துபோகும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு. எந்த நாளுக்காக எழுதி வைத்தோமோ அந்த நாளில்தான் அது செல்லாமல் போகிறது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் காப்பாளரை நியமிக்க வழி உண்டு. ஆனால் அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அல்சைமர் அதில் இல்லை. மிச்சம் இருப்பது நீதிமன்றம். மாதப் பென்ஷனில் டயபரும் மாத்திரையும் வாங்கி, பகலில் பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண்ணுக்குச் சம்பளமும் கொடுக்கும் ஒரு வீடு வக்கீலுக்கு எங்கே போகும்? இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யார் வீட்டிலும் வயதானவர்களே இல்லையா?

மன்னியுங்கள், அது உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. உங்களால் முடிந்ததையே கேட்கிறேன்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்வதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மறதிநோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். அப்படியென்றால் உங்கள் கிளையின் பட்டியலிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். சிலரது வீட்டில் மனைவி மட்டும் துணையாக இருப்பார், அவருக்கும் முழங்கால் வலி இருக்கும். அவர்கள் இப்படி ஒரு கடிதம் எழுதப் போவதில்லை. ஒரு நவம்பரில் வராமல் போவார்கள், பென்ஷன் நிற்கும், அவ்வளவுதான். அவர்கள் வீட்டுக்கும் ஒருவரை அனுப்புங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் தயவுசெய்து காலை 11 மணிக்குள் வரச் சொல்லுங்கள். பொழுது சாயச் சாய அவருக்குக் குழப்பமும் பயமும் கூடிவிடும். வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினால் போதும். “யாருன்னு தெரியுதா?” என்று மட்டும் கேட்க வேண்டாம். அப்பாதான் முதலில் கேட்பார், “சங்கு ஊதிட்டாங்களா?” என்று. “இன்னைக்கு லீவுங்க” என்று சொல்லுங்கள். அமைதியாகிக் கையை நீட்டுவார். கட்டைவிரலில் மையை நானே தடவிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வூதியரின் மகள்
திருச்சிராப்பள்ளி