பத்து நாள் கணக்கு எங்கே? காவிரி மேலாண்மை ஆணையத்துக்கு டெல்டாவிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று முடித்துவைத்தது. அந்த எண்ணை மறுபடி கிளற நாங்கள் வரவில்லை. தண்ணீர் எந்தத் தேதியில் வருகிறது என்பதுதான் எங்கள் வழக்கு.

ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டிஎம்சி. மாதப் பங்கைப் பத்துப் பத்து நாளாகப் பிரிக்க வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பிலேயே இருக்கிறது. பேச்சு என்னவோ மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும்தான் நடக்கிறது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் இருப்பு இல்லாததால் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. ஜூலைக் கடைசியில் வெள்ளம் வந்தது. 30-ஆம் தேதி 120 அடியும் நிரம்பியது. பிறகு நொடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், பெரும்பகுதி கொள்ளிடம் வழியே கடலுக்கு. லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 8.64 டிஎம்சி. ஜூன் மாதப் பங்கு கிட்டத்தட்ட முழுதும் ஒரே நாளில்! ஏட்டில் அது உபரி ஆண்டு. ஆற்றுத் தண்ணீரை நம்பி குறுகிய கால நெல்லான குறுவையை விதைப்பவருக்கு அது தரிசு ஆண்டு.

‘ஆகஸ்டில் தண்ணீர் வந்ததே, அப்போது விதைத்தால் என்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. குறுவை ரகத்துக்கு 110 முதல் 115 நாள். ஜூன் நடுவில் விதைத்தால் அக்டோபர் தொடக்கத்தில் அறுப்பு. ஆகஸ்ட் முதல் வாரம் விதைத்தால் அறுப்பு நவம்பர் கடைசிக்குப் போகும்; அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். டயர் அறுவடை வண்டி சேற்றில் இறங்காது, பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம். அறுத்துக் கொண்டுபோனாலும் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

2023-இல் நேர்மாறு. நூறடிக்கு மேல் இருப்பை நம்பி ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது, வரத்து பொய்த்தது, அக்டோபர் 10-இல் அடைத்தார்கள். இடையில், கர்நாடகம் நொடிக்கு 5,000 கன அடி 15 நாள் விட வேண்டும் என்ற தவணை ஆணைகள். ஒரு தவணை 6.48 டிஎம்சி. மேட்டூர் தண்ணீர் கல்லணை சேரவே மூன்று நான்கு நாள். காய்ந்த மணல் குடித்தது போக கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். திறப்பைக் குறைத்தால் ஆற்றில் மட்டம் இறங்கி வாய்க்கால் தலைப்பு மதகில் தண்ணீர் ஏறாது. ஆற்றின் குறுக்கே உள்ள ஒழுங்கியை (ரெகுலேட்டர்) அடைத்து மட்டம் ஏற்றி, வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். முறை வைக்க, அடுத்து எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டுமே. பதினைந்து நாள் ஆணையை நம்பி 110 நாள் பயிரை எப்படி விதைப்பது?

பற்றாக்குறை ஆண்டில் எல்லார் பங்கையும் விகிதப்படி குறைக்க வேண்டும் என்பதும் 2007 தீர்ப்பே சொன்னது. அந்த விகிதத்தை முன்கூட்டியே அட்டவணையாகப் போடுங்கள். கர்நாடக அணைகளான கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கிலும் இருப்பும் வரத்தும் சராசரியில் எத்தனை சதவீதம், அதற்கு பிலிகுண்டுலுவில் எத்தனை டிஎம்சி என்று பத்து நாளுக்கு ஒரு வரி போதும். கர்நாடகத்து மண்டியா விவசாயியும் அதே வரியைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பத்து நாளில் விழுந்த பாக்கியை அடுத்த பத்து நாளில் தீர்க்க வேண்டும். மேட்டூர் நிறைந்து வழிந்த வெள்ளத்தைப் பழைய பாக்கிக்கு வரவு வைக்கக் கூடாது.

டெல்டா நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துத்தான் எங்கள் பங்கு குறைந்தது. கும்பகோணத்தில் போர்வெல் ஓடும். வேதாரண்யம் பக்கம் போட்டால் உப்புத் தண்ணீர்தான். அட்டவணை போடும்போது இது நினைவிருக்கட்டும். தண்ணீர் வந்த பிறகும் தூர்வாரி முடிக்காமல் வாய்க்காலில் பொக்லைன் நிற்பது பற்றி எங்கள் அரசோடு தனியாகப் பேசிக்கொள்கிறோம்.

முதல் அட்டவணை மே 31-க்குள் வேண்டும். குறுவைக்கு நாற்றங்கால் விடுவதா, நேரே அடுத்த போகமான சம்பாவுக்குப் போவதா என்று தீர்மானித்து விதைநெல் வாங்கும் நேரம் அது.

இப்படிக்கு,
காவிரி டெல்டா கடைமடை விவசாயிகள்