கருகிய போர்டுகளும் ஆய்வுக்கு உரியவையே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், மின்னாற்றலை மின்னணுக் கருவிகளால் மாற்றிக் கட்டுப்படுத்தும் துறையான திறன் மின்னணுவியலில் நம் பல்கலைக்கழகங்கள் செய்யும் ஆய்வு பற்றி ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன்.

1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்து மின்சாரம் போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். என் பாட்டனார் அங்கே சுரங்கத் தொழிலாளி. நூறாண்டு கழித்து, 2003 முதல், ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து 500 கிலோவோல்ட் நேர்த்திசை மின்சாரம் அதே கோலார் மாவட்டத்துக்கு வந்து, தைரிஸ்டர் என்னும் குறைக்கடத்திச் சாதனங்களால் மாறுதிசை மின்சாரமாகிறது. 1911-லேயே மின் தொழில்நுட்பத் துறை தொடங்கிய இந்திய அறிவியல் கழகமும் பெங்களூரில்தான் உள்ளது. ஆகவே அறிவுக்குக் குறைவில்லை.

சென்ற மாதம் ஓர் ஆலையிலிருந்து வந்த டிரைவைத் திறந்தபோது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. உள்ளே வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் டையோடு மாட்யூல் வெடித்திருந்தது. 415 வோல்ட் மும்முனை மின்சாரம் இதனுள் ஏறத்தாழ 590 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாகிறது. லைனில் வோல்ட்டேஜ் ஒரு கணம் தாழ்ந்தால் கெப்பாசிட்டர் வடிகிறது; மின்சாரம் திடீரெனத் திரும்பும்போது, தொடக்கத்தில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையை ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் ஏற்கெனவே விலக்கிவிட்டிருப்பதால், பாயும் மின்னோட்டம் முழுவதையும் டையோடுகளே தாங்க வேண்டியிருக்கிறது. சுழலும் மோட்டாரிடமிருந்தே சிறிது ஆற்றலைத் திரும்ப வாங்கி அந்த வோல்ட்டேஜைத் தாங்கிப்பிடிக்கும் கட்டுப்பாட்டு முறை ஒன்றும் புதிதல்ல. உயர்ரக டிரைவ்களில் அது உண்டு. எங்களிடம் வரும் மலிவான டிரைவ்கள் பலவற்றில் இல்லை. அது உள்ள டிரைவ்களிலும் யாரும் அதை இயக்கி வைப்பதில்லை.

ஆய்வுக்கூடங்களில் மின்சாரம் பெரும்பாலும் ஏற்ற இறக்கம் சீரான, சுத்தமான சைன் அலையாகவே கிடைக்கிறது. இங்கோ பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் தொடங்கினாலே லைன் தள்ளாடுகிறது. போதாததற்கு, அரைத்த இரும்புத் தூள் மின்விசிறியின் வடிகட்டியை அடைத்துவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் கணக்கு. ஒருமுறை டிரைவ்களின் கருகிய மின்சுற்றுப் போர்டுகளை ஒரு கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். மாணவர்கள் ஆவலோடு சூழ்ந்தனர். வழிகாட்டிப் பேராசிரியரோ, இதிலிருந்து ஆய்வுத்தாள் எழுத முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. அவருடைய பதவி உயர்வு தாள்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

எனவே, டிரைவ்கள் எதனால் பழுதாகின்றன என்பதைப் பட்டறைகளிலிருந்து திரட்டிப் பதிவுசெய்வதையும் முனைவர் பட்ட ஆய்வாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். என் பட்டறைப் பரணில் மூன்று பெட்டி கருகிய போர்டுகள் உள்ளன. எந்த ஆலை, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றின் பின்புறமும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டிரைவ் பழுதுநீக்குநர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.